பனிக்கட்டி ஓட்டலில் ஒரு ராத்திரி தங்க

சுவீடனின் வடகோடியில், கிருணாவுக்குப் பக்கத்தில் இருக்கும் யுக்கஸ்யார்வி ஐஸ் ஓட்டல், டோர்னே ஆற்றில் வெட்டியெடுத்த பனிக்கட்டியால் ஆனது. குளிர்கால ஓட்டல் வசந்தத்தில் உருகி ஆற்றுக்கே திரும்பிவிடும். 2016-ல் திறந்த பகுதி மட்டும் ஆண்டு முழுக்க நிற்கும்.

வெளியே மைனஸ் 30 இருந்தாலும் அறைக்குள் மைனஸ் 5 முதல் 8 தான். ஆனாலும் பலருக்குத் தூக்கம் கெடும். காரணம் குளிரல்ல, வியர்வை! பயந்துபோய் ஜாக்கெட்டோடு உறக்கப்பைக்குள் நுழைந்தால் வியர்த்து, அந்த ஈரமே நடுராத்திரியில் நடுங்க வைக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை ஒரு அடுக்கு, காய்ந்த சாக்ஸ், குல்லா. அவ்வளவு போதும். பருத்தி ஆகவே ஆகாது; ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூக்கும் வாயும் பைக்கு வெளியே இருக்கட்டும், மூச்சின் ஈரம் உள்ளே தங்கக் கூடாது.

பெரும்பாலான அறைகளுக்குக் கழிப்பறை தனியே உள்ள சூடான கட்டடத்தில்தான். படுக்கும் முன் போய்விட்டு வாருங்கள், ராத்திரி எழுந்து நடப்பது கொடுமை. பெட்டியும் அங்கேயே இருக்கட்டும். செல்போனை உறக்கப்பைக்குள் உடம்போடு வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கேமராவைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள், இல்லையேல் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்.