ஒட்டப்பிடாரத்துப் பையன்

செப்டம்பர் 5 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டு விசேஷம். ஒன்று ஆசிரியர் தினம், இன்னொன்று வ.உ.சி. பிறந்த நாள். பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகன் இந்த வருஷம் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் ஒப்பித்துக் காட்டினான். கப்பல் விட்டார், ஜெயிலில் செக்கு இழுத்தார், கஷ்டப்பட்டுச் செத்தார். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "மாமா, அவரு என்னைய மாதிரி இருக்கையில என்ன செஞ்சாரு?" என்று கேட்டான்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாலே, அந்த ஊருக்கே போவோம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம். தூத்துக்குடி போய், அங்கிருந்து ஒட்டப்பிடாரம் பஸ். வழியெல்லாம் கரிசல் வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986ல் பிரித்தபோது சிதம்பரனார் பெயரைத்தான் மாவட்டத்துக்கு வைத்திருந்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். அவர் பிறந்த 1872ல் எல்லாமே திருநெல்வேலிச் சீமைதான்.

அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். பாட்டி சிவன் கதை சொல்ல, தாத்தா ராமாயணம் சொல்ல, பாரதம் சொன்னதோ வீட்டு ஆள்கூட இல்லை, தாலுகா ஆபீசில் வேலை பார்த்த சுப்பிரமணிய பிள்ளை என்பவர். ஆறு வயதில் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் படிக்க உட்கார்ந்திருக்கிறார். பாஞ்சாலங்குறிச்சி வேறு பக்கத்திலேயே இருக்கிறது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டு 73 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வட்டாரத்துக் கிழவர்கள் வாயில் அந்தக் கதை அதற்குள் அடங்கிப்போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மருமகனுக்கு இதெல்லாம் சும்மா. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தது விளையாட்டைப் பற்றிச் சொன்னபோதுதான். பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதற்காக வ.உ.சி. தன் வாழ்க்கையைத் தானே செய்யுளாக எழுதியிருக்கிறார். கப்பலை ஓட்டி, ஜெயிலையும் பார்த்த மனுஷன், சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுகளை ஒன்று விடாமல் நினைவு வைத்திருக்கிறார். கோலி, கபடி, நீச்சல், சிலம்பம், மல்யுத்தம், குதிரையேற்றம், சதுரங்கம். வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். "கோலியா? நெசமாவா?" என்றான் இவன். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு இரண்டு குண்டுகளை உருட்டிக்கொண்டே வந்தான்.

நான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு விஷயத்தைத்தான். ஊரில் ஆங்கிலம் படிக்க வழியில்லை. கிருஷ்ணன் என்ற தாலுகா அதிகாரிதான் சாயங்காலங்களில் பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கும் ஆள் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ், நினைத்துப் பாருங்கள்! அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சரி, விதி என்று உலகநாத பிள்ளை விட்டுவிடவில்லை. ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி, எட்டயபுரத்திலிருந்து அறம்வளர்த்தநாத பிள்ளை என்பவரை வாத்தியாராகக் கூட்டிவந்துவிட்டார். தன் மகன் படிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவனுக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு வாத்தியாரை வரவழைத்திருக்கலாம், வக்கீலுக்கு அது முடியாத காரியமில்லை. ஊருக்கே கட்டினார். அந்த வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையன்தான் 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 10 லட்ச ரூபாய் மூலதனம், அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்காகப் பிரித்தார். நாலு பெரிய பணக்காரரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆயிரம் பேர் கை சேர வேண்டும் என்கிற புத்தி அவருக்கு ஒட்டப்பிடாரத்தில் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எட்டயபுரம் என்றதும் இன்னொன்று. பாரதியின் அப்பா சின்னசாமி ஐயரும் உலகநாத பிள்ளையும் பழகியவர்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பத்து வயது வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், கடைசியில் முதல் முதலாகச் சந்தித்துக்கொண்டது 1906ல் சென்னையில்.

மேல்படிப்புக்குத் தூத்துக்குடி, அப்புறம் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளி. கொஞ்ச காலம் தாலுகா ஆபீசிலேயே குமாஸ்தா. அப்புறம் திருச்சியில் சட்டம் படித்துவிட்டு, 1895ல் சொந்த ஊரிலேயே வக்கீல். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடப் போய்ப் போலீஸ்காரர்களின் பகை சேர்ந்துவிட்டது. அப்பாவே 1900ல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். தகப்பன் மனசு, பையன் தள்ளி இருந்தால் தப்பித்துக்கொள்வான் என்று நினைத்திருக்கும். அங்கேதான் கடல் இருந்தது.

நினைவு இல்லத்து வாசலில் நின்றுகொண்டு, சொல்லவா வேண்டாமா என்று யோசித்துத்தான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். 1908ல் நாற்பது வருஷத் தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் அந்த அதிர்ச்சியில் வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அது திரும்பச் சரியாகவே இல்லை. மருமகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தம்பியும் அவருகூட கோலி வெளையாடிருப்பாரு, இல்ல மாமா?" என்றான். "ஆமா, வெளையாடாமலா இருந்திருப்பாரு" என்றேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது அந்த ஊர்ப் பையன்கள் மூன்று பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். இவன் பையிலிருந்து குண்டை எடுத்தான். அவர்களில் ஒருவன் குதிகாலைத் தரையில் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்ற, கரிசல் மண்ணில் அழகாகக் குழி விழுந்தது. தூத்துக்குடி பஸ் வந்து, நின்று, போனது. நான் கூப்பிடவில்லை. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.