கைகரா, மேக்னைட்டா? மச்சினனுக்குச் சொன்னது

மச்சினன் இருப்பது உசிலம்பட்டியில். வாரத்துக்கு இரண்டு தடவை தேனிக்குப் போய் வர வேண்டிய வேலை, வீட்டில் முட்டி வலியோடு மாமனார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். "மாமா, எல்லாரும் வச்சிருக்கிற வண்டி வேண்டாம், பட்ஜெட்டுக்குள்ள உயரமா ஒரு வண்டி சொல்லுங்க" என்றான். ரெனோ கைகர், நிசான் மேக்னைட் என்ற இரண்டு கார்களையும் பார்க்கச் சொன்னேன். நம் பக்கத்து ரோடுகளில் இவை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை, அதனாலேயே பலரும் யோசிக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரே ஆலையில்தான் தயாராகின்றன, அடித்தளமும் ஒன்று, 1.0 லிட்டர் 3 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் ஒன்று. சாதா எஞ்சின் 72 குதிரைத்திறன், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பிக் கூடுதல் பலம் தரும் டர்போ எஞ்சின் 100. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் 205 மில்லிமீட்டர், நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது தாராளம். நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடங்குவதால் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது இரண்டுக்குமே பொருந்தும்.

அதனால் எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த எஞ்சின் என்பதுதான் பெரிய கேள்வி, இதில்தான் நிறையப் பேர் பணத்தைப் பார்த்துத் தவறான முடிவு எடுக்கிறார்கள். ஷோரூமில் கொடுக்கும் டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் சமமான பைபாஸ் ரோட்டில், இரண்டு பேர் உட்கார்ந்து, பத்து நிமிஷம். அதில் 72 குதிரைத்திறன் போதும் என்றுதான் தோன்றும். நாங்கள் தெரிந்தவர் ஒருவரின் சாதா எஞ்சின் வண்டியை இரவல் வாங்கி, ஐந்து பேர் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில், உசிலம்பட்டியிலிருந்து தேனி போகும் வழியில் உள்ள ஆண்டிபட்டிக் கணவாய் ஏறிப் பார்த்தோம். முன்னால் ஒரு லோடு லாரி. அதைத் தாண்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கிக்கொண்டே இருந்தோம். மதுரைக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்குச் சாதா எஞ்சின் தாராளமாகப் போதும். ஆனால் கணவாயோ கொடைக்கானலோ சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளோ உங்கள் வழக்கமான பாதையில் இருந்தால், கடன் கொஞ்சம் கூடினாலும் டர்போவுக்கே போங்கள். மேனுவல் கியரில் அதற்கு 160 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது மேட்டில் இழுக்கும் பலம், சாதாவில் 96 தான். கியரே மாற்ற வேண்டாத சிவிடி ஆட்டோமேட்டிக்கில் டர்போவுக்கு இது 152. நகர நெரிசலில் அது சொகுசு, மேட்டில் அழுத்தி மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால் வரும்.

சரி, எஞ்சின் முடிவாயிற்று. அப்புறம்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அது டிக்கியில் இருக்கிறது. கைகரில் 405 லிட்டர், மேக்னைட்டில் 336. காகிதத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் பானை, அரிசிப் பை, விறகு, துணிப்பை எல்லாம் ஏற்றிப் பாருங்கள், அந்த 69 லிட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும். சாதா எஞ்சினில் சிஎன்ஜி எரிவாயு கிட் போட நினைப்பவர்கள் சிலிண்டர் டிக்கிக்குள்தான் உட்காரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் மேக்னைட்டுக்கு என் ஓட்டு. 2025இல் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. கைகர் 2022இல் 4 வாங்கியது, அது பழைய மாடல். இப்போது இரண்டிலும் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் உண்டு.

மாமனாரை இரண்டு வண்டியிலும் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொன்னோம். குனியாமல் உட்கார முடிகிறது என்று இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். முட்டி வலிக்காரர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப்போகாமல் புக் பண்ணாதீர்கள். சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் கேட்டுவிடுங்கள், உசிலம்பட்டிக்காரருக்கும் மதுரை அண்ணாநகர்க்காரருக்கும் அது ஒன்றல்ல.

மச்சினன் கைகர் டர்போ மேனுவலுக்கு முன்பணம் கட்டிவிட்டான், டிக்கிக்காக. மதுரைக்குள்ளேயே சுற்றும் எனக்கு என்றால் நான் மேக்னைட் எடுத்திருப்பேன்.