பைன் காட்டுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம்

ஸ்டாக்ஹோமில் பச்சைத் தட மெட்ரோவின் 18-ஆம் எண் வண்டியில் தெற்கே போனால், ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகோர்டன் என்ற நிலையம் வரும். அதே பெயருள்ள கல்லறைத் தோட்டம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. நுழைந்ததும் கண்ணில் படுவது பெரிய புல்மேடு, கருங்கல் சிலுவை, மேட்டின் உச்சியில் எல்ம் மரங்கள். கல்லறைகளில் பெரும்பாலானவை உள்ளே, பைன் காட்டுக்குள் இருக்கின்றன.

ஜல்லி தோண்டிய பள்ளங்களும் பைன் மரங்களும் இருந்த நிலம் இது. இதை வடிவமைக்க நடந்த 1915 போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர்கள் குன்னார் ஆஸ்ப்லுண்டும் சிகுர்ட் லெவெரென்ட்ஸும் காட்டை அழிக்காமல், மரங்களுக்கு இடையே கல்லறை வரிசைகளை அமைத்தார்கள். கற்கள் தாழ்வாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதனால்தான் இத்தனை கல்லறைகள் இருந்தும் கண்ணுக்கு மரங்களே முதலில் தெரிகின்றன. 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

எல்ம் மேட்டுக்கு ஏறும் படிகளை அவசியம் கவனியுங்கள். கீழ்ப்படிகள் உயரமானவை, மேலே போகப்போக உயரம் குறைந்துகொண்டே வரும். துக்கத்தோடு ஏறுகிறவருக்கு உச்சியில் மூச்சு வாங்கக் கூடாது என்ற அக்கறை அது. அங்கிருந்து 888 மீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு பாதை, 1925-இல் கட்டிய உயிர்த்தெழுதல் சிற்றாலயத்துக்குப் போகிறது. முதலில் தொங்கு பிர்ச், பிறகு சாதாரண பிர்ச், அடுத்து பைன், ஸ்ப்ரூஸ் என்று நிழல் படிப்படியாக அடர்த்தியாகும். மனதைத் தயார்செய்யும் வேலையை மரங்களிடமே விட்டிருக்கிறார்கள்.

தகனம் செய்தவர்களின் சாம்பலுக்கென்று நினைவுத் தோப்பு தனியாக உண்டு. ஊழியர்களே சாம்பலை மண்ணில் சேர்த்துவிடுவார்கள். உறவினர்கள் உடன் இருப்பதில்லை, பெயர்ப்பலகையும் கிடையாது. பூ வைக்க எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடம். சிலருக்கு இது கடினமாகத்தான் இருக்கும். சிறிய பெயர்ப்பலகையோடு, குடும்பமும் உடனிருக்கும்படியான சாம்பல் தோப்புகளும் சுவீடனில் இருக்கின்றன.

இதுபோன்ற இடத்தை நம் ஊரில் அமைக்க நினைப்பவர்கள் முதலில் வேரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதன் 12 மடங்கு தூரம் வரை காக்க வேண்டிய வேர்ப்பகுதி என்று மர வல்லுநர்கள் கணக்கிடுகிறார்கள். 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4.8 மீட்டர். சவப்பெட்டிக் குழி அதற்கு வெளியேதான் வர வேண்டும். சாம்பல் குழி சிறியது, கையாலேயே தோண்டலாம் என்பதால் கொஞ்சம் நெருங்கலாம். ஆனால் 25 மி.மீ.க்கு மேல் தடித்த வேர் குறுக்கிட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். ஒரே பக்கமாக வேரை வெட்டிய மரம் பெருங்காற்றில் வெட்டிய பக்கத்துக்கு எதிரே சாயக்கூடும்.

சாம்பல் உரமாகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. ஒருவரின் சாம்பல் இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அதில் காரத்தன்மையும் உப்பும் மிக அதிகம். கன்றின் வேரில் நேராகக் கொட்டினால் வேர் கருகிவிடும். நிறைய மக்கிய மண்ணோடு கலந்து, வளர்ந்த மரத்தின் அருகே பரவலாகப் புதைப்பதே பாதுகாப்பு.

மரத் தேர்விலும் எச்சரிக்கை தேவை. டச்சு எல்ம் நோய் ஐரோப்பா முழுக்க எல்ம் மரங்களைக் கொன்றது. ஒரே இனத்தை, ஒரே வயதில் நட்ட தோப்பு ஒரே காலத்தில் போய்விடக்கூடும். இனங்களைக் கலந்து நடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கன்றுகள் வைக்கக் கல்லறை இல்லாத இடங்களை வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.