ஏழு இடங்களில் ‘கூறப்படுகிறது’

தர்மபுரி மாவட்டத்துக் குடிநீரில் கலந்திருக்கும், அளவு மீறினால் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி நான் எழுதிய கட்டுரை, ஒரு பிப்ரவரி மாத ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கத்துக்கு வெளியானது. அதைக் காவ்லி அறிவியல் இதழியல் விருதுக்கு அனுப்பச் சொன்னவர் எங்கள் இணைப்பின் பொறுப்பாசிரியர். அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் 1945 முதல் வழங்கிவரும் விருது அது. 2009 முதல் காவ்லி அறக்கட்டளையின் நிதி அதற்குக் கிடைக்கிறது. 2015 முதல் எந்த நாட்டு இதழாளரும் போட்டியிடலாம். ஒரு பிரிவில் தங்க விருதுக்கு 5,000 டாலர், வெள்ளி விருதுக்கு 3,500 டாலர்.

தொகையைக் கேட்டதும் ஆசை வந்தது உண்மை. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவை நடுவர்களின் அளவுகோல்கள்: அறிவியல் துல்லியம், முனைப்பு, புதுமை, தெளிவான விளக்கம், அறிவியலையும் அதன் தாக்கத்தையும் மக்கள் புரிந்துகொள்ள உதவும் தன்மை. துல்லியம் முதலில் நிற்கிறது. அந்த முதல் படியிலேயே நான் இடறப்போகிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

ஜூலை 16 முதல் அடுத்த ஜூலை 15 வரை வெளியானவை ஓர் ஆண்டுக் கணக்கில் வரும். என் கட்டுரை அதற்குள் அடங்கியது. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினொரு நாட்கள் ஆயின.

இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டேன். ‘இப்பகுதிக் குழந்தைகளில் பலருக்குப் பல் கறை இருப்பதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருந்தேன். யார் கூறியது? நாளிதழ்த் தமிழில் நாம் தினமும் எழுதும் சொல் அது. எழுதும்போது உறுத்துவதே இல்லை. இன்னொரு மொழியில் பெயர்க்க உட்கார்ந்தபோதுதான், சொன்னவர் பெயருக்காகக் கை தயங்கியது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கம் முழுவதும் ‘கூறப்படுகிறது’வை வட்டமிட்டேன். மொத்தம் ஏழு.

குறிப்பேட்டை எடுத்துச் சரிபார்த்தேன். மூன்று இடங்களில் சொன்னவர் ஒரே பல் மருத்துவர். இரண்டு இடங்களில் பள்ளி ஆசிரியர்கள். ஒன்று பொறியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது. கடைசி ஒன்று யாரும் சொல்லாதது. கொதிக்க வைத்தால் ஓரளவு பாதுகாப்பு என்று அந்த ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை நான் செய்தியாக்கிவிட்டேன். உண்மை அதற்கு நேர் எதிர். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கட்டுரையில் அது ஒரே ஒரு வரி. ஆனால் அதைப் படித்த ஒரு தாய் அடுப்பில் கூடுதல் நேரம் தண்ணீரை வைத்திருப்பாரே என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குடிநீரில் ஃபுளோரைடு எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரியில் விரலை வைத்தார்.

“இந்த 1.5 யார் சொன்ன கணக்குப்பா?”

“உலக சுகாதார நிறுவனம், சித்தப்பா. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.”

“நம் நாட்டுத் தரம்?”

எனக்கு அதுவும் 1.5 என்றுதான் நினைவு. அவர் எழுந்துபோய் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தர ஆவணத்தை எடுத்து வந்தார். ஐஎஸ் 10500, 2012 பதிப்பு. ஏற்கத்தக்க அளவு 1.0. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி. இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் அந்த ‘வேறு வழி இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனையை நான் விட்டுவிட்டேன். ‘1.5-க்குக் கீழே இருந்தால் அச்சமில்லை’ என்ற பொருளில் எழுதியிருந்தேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நான் பார்த்த கிணறுகளில் ஒன்றின் ஆய்வக அறிக்கை 1.2. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் அம்மா என்னிடமே கேட்டார்: “தம்பி, பேரனுக்குக் கொடுக்கலாமா?” பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பேரனுக்கு அப்போது நான்கு வயது. நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் அது. எட்டு வயது வரைக்கும் குடிக்கும் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லின் மேற்பூச்சைக் கெடுக்கக்கூடும். பழுப்புக் கறை விழுந்தால் தேய்த்தால் போகாது. வேறு நீர் இல்லாத ஊர் என்றும் அதைச் சொல்ல முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியபின் காவிரித் தண்ணீர் அந்தத் தெருக்குழாய்க்கும் வருகிறது. தினமும் வருவதில்லை என்பதால்தான் அவர் கிணற்றுக்குப் போகிறார்.

பொறுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தம் போட்டால் விருது வாய்ப்பு போய்விடுமே என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. “வரும் ஞாயிறே போடுவோம், அதே பக்கத்தில் போடுவோம்” என்றார். கொதிக்க வைப்பது பற்றியும் 1.0 பற்றியும் ஒன்பது வரிகள் வந்தன. அந்தத் திருத்தத்தையும் மொழிபெயர்த்து, கட்டுரையோடு இணைத்தே அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

விண்ணப்பிக்க நினைக்கும் தமிழ் நிருபர்களுக்குச் சில சொல்லத் தோன்றுகிறது. அச்சில் வந்த பக்கத்தின் பிடிஎஃப் கோப்பை வெளியான அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏறிய என் கட்டுரையில் கட்டச்செய்தி இல்லை. அச்சுப் பக்கத்தைத் தேட மூன்று நாள் அலைந்தேன். ஆய்வக அறிக்கைகளைக் கிணறு வாரியாகத் தேதியிட்டு வையுங்கள். மொழிபெயர்ப்பைத் துறை தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் கொடுங்கள். ஆங்கிலம் நன்றாக எழுதும் நண்பர் மொழியைத் திருத்துவார். 1.5-ஐக் கண்டுபிடிக்க ஒரு வேதியியல் ஆசிரியர் வேண்டியிருந்தது. முடிந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள்.

வென்றவர்களின் பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, திருத்தம் வெளியான மறுநாள், பஸ் ஏறி அந்த ஊருக்குப் போயிருந்தேன். அந்த அம்மா திண்ணையில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது தவறு என்று சொல்லி, செய்தித்தாள் நறுக்கைப் படித்துக் காட்டினேன். கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ இருக்கட்டும். பேரனுக்குக் குடிக்கவும் களி கிண்டவும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்தார். “குழாய் நாளைக்குத்தான் வரும். இதை அவனுக்கென்று தனியாக வைத்துவிடுகிறேன்” என்றார். பிறகு கேட்டார்: “பக்கத்து வீட்டிலும் சின்னப் பிள்ளை இருக்கிறது. அவர்கள் கிணற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தீர்களா?”

பார்த்திருக்கவில்லை. அங்கிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.