புள்ளிக்கோலத்தில் புள்ளி நடந்த கதை

காலையில் கீழ்வீட்டு அக்கா போட்ட அலறல் பெங்களூரு அல்சூர் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். கோலத்தின் மேல் கறுப்புக் கறுப்பாகப் புழுக்கள், கொல்லையில் எல்லா வீடும் சேர்ந்து சமையல் கழிவை உரமாக மட்கவைக்கிற நீல டிரம்மிலிருந்து வரிசை கட்டி வருகின்றன. புள்ளிக்கோலத்தில் புள்ளியே எழுந்து நடந்தால் யார்தான் அலறமாட்டார்கள்?

"எல்லாம் அந்த நீல டிரம்மால வந்த வினை" என்று மாடிவீட்டு மாமா ஃபினாயில் பாட்டிலோடு இறங்கிவிட்டார். நல்லவேளை, பின்வீட்டு அஜ்ஜி (கன்னடப் பாட்டி) "பேடா, பேடா", அதாவது வேண்டாம் வேண்டாம், என்று ஓடிவந்து மறித்தார். ஃபினாயில் உள்ளே போனால் மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதன்பிறகு டிரம் வெறும் குப்பைத்தொட்டிதான்.

வந்தது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டையும் மொய்க்காது. புழு கழிவை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கூட்டுப்புழுவாகும் நேரத்தில் கறுத்துப்போய், ஈரமில்லாத இருட்டு மூலை தேடிக் கிளம்பும். அதன் குறி கோலமல்ல, அதற்குப் பின்னால் இருந்த செருப்பு ஸ்டாண்டு. இதைச் சொன்னதும் அக்கா இன்னும் சத்தமாக அலறினார்.

இத்தனை புழு சேர்ந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மீந்த சாம்பார் சாதம். ஒரு குக்கர், அப்படியே டிரம்முக்குள். எந்த வீடு என்று சொல்லமாட்டேன்; கேசரி நன்றாக இருந்தது.

ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு என்பதுதான் கணக்கு. தோலும் சக்கையும் கொட்ட எல்லா வீட்டிலும் ஆள் உண்டு; சருகு கொண்டுவரத்தான் நாதியில்லை. மாசியில் தெரு முழுக்க மழைமரச் சருகு கொட்டியபோது மூட்டை கட்டி வைத்ததையும் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். பூட்டு போட்ட ஸ்கூட்டரெல்லாம் பத்திரமாக இருக்கிறது, சருகு மூட்டையைக் காணோம்!

அஜ்ஜி குச்சியால் அடிவரை கிளறினார். அழுகின முட்டை நாற்றம். காற்று போகவில்லை என்று அர்த்தம். மூத்திர நெடி அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். அடித்துளைகளைச் சோறு பசையாக அடைத்திருந்தது. கம்பியால் குத்திவிட்டு, டிரம்மைச் செங்கல் மேல் தூக்கிவைத்தார். கடன் வாங்கிய சருகை நொறுக்கிப் போட்டு, தேங்காய்நார்த் தூளும் கலந்து, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தார். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம்; ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. டிரம்மைச் சுற்றிச் சருகு பரப்பிவிட்டால் புழு அதற்குள்ளேயே ஒதுங்கிவிடும், மிச்சத்தை மைனா பார்த்துக்கொள்ளும்.

புழுப் பஞ்சாயத்து முடிவதற்குள் பூசணிப் பஞ்சாயத்து. வீட்டு டிரம்மில் விதை சாகிற அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அதனால் போன தடவை உரம் போட்ட இடத்தில் பூசணி தானாகவே முளைத்துவிட்டது. விதை தங்கள் வீட்டில் கூட்டு வைக்க நறுக்கிய பூசணியிலிருந்து போனது என்று மூன்று வீட்டார் உரிமை கொண்டாடுகிறார்கள். கொடியோ சுவரேறிப் போய்ப் பக்கத்துக் காம்பவுண்டில் காய்த்திருக்கிறது.