அப்பா பெயரில் இரண்டு வருடம்

இரண்டு வருடமாக என் சட்டைப் பையில் ஒரு கறுப்பு பேட்ஜ் இருந்தது. எங்கள் சபையில் ஆண் மிஷனரிகளைக் கூப்பிடும் ‘எல்டர்’ என்ற பட்டம், பக்கத்தில் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே சபையின் முழுப்பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்குமே, நம்மில் பலர் அதில் அப்பா பெயரைத்தான் நிரப்புகிறோம். சபையும் அதைப் பார்த்து அப்படியே அச்சடித்துவிட்டது. மிஷனரிகளுக்குள் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஆக, இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் போய் இரண்டு வருடம் அப்பாவாக வாழ்ந்துவிட்டு வந்தேன்.

மார்மன் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அந்த முழுப்பெயரையே பயன்படுத்தும்படி அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018-ல் கேட்டுக்கொண்டார். எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் மழையில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும்.

இளைஞர்களுக்கு ஊழியம் 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எப்போதும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். துணைவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை, நேர்காணல் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும்; ஊர் மாறும், அல்லது துணைவர் மாறுவார், சில சமயம் இரண்டும் மாறும். அதனால் மிஷனரிகள் மாதக் கணக்கு பார்ப்பதில்லை. ‘உனக்கு எத்தனையாவது டிரான்ஸ்ஃபர்?’ என்றுதான் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 17 வரும். நான் சொல்ல வந்தது கடைசியாக வந்த அந்த ஒன்றைப் பற்றி.

ஒரு காலை, பயண விவரங்களோடு மெயில் வந்தது. மான்செஸ்டரிலிருந்து கிளம்பும் நேரம், இடையில் மாற வேண்டிய விமானம், இரண்டு பெட்டி, ஒன்றுக்கு 23 கிலோ. துணைவர் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, உன்னைக் கொல்லப்போவது நான்தான்” என்றார். பதற வேண்டாம், இது மிஷனரிகளின் பேச்சு. புதிதாக வருபவர் ‘பிறக்கிறார்’, பயிற்சி கொடுப்பவர் அவருக்கு ‘அப்பா’, ஊருக்குக் கிளம்புபவர் ‘சாகிறார்’, அவருடைய கடைசித் துணைவர் ‘கொலைகாரர்’. என் கொலைகாரருக்கு 19 வயது. ஊழியத்துக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு சொல் உண்டு: ‘டிரங்கி’. டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. உடம்பு இங்கே, மனசு பெட்டிக்குள்ளே. கிளம்பும் தேதி நெருங்கியவரை எல்லோரும் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். காலையில் ஐந்து நிமிடம் அதிகமாகப் படுத்திருந்தால் டிரங்கி. வீட்டுக்குப் பேசும்போது சத்தமாகச் சிரித்தால் டிரங்கி. நான் அப்படி இல்லை என்று நிரூபிக்க முதல் இரண்டு வாரம் பேயாக உழைத்தேன். இரவு படுக்கப் போகும் நேரம்வரை மறுநாள் திட்டம் போட்டேன். துணைவர் பாவம், ஒருநாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான் இன்னும் ஒன்றரை வருஷம் இந்தக் காலோடதான் நடக்கணும்.” அதற்குப் பிறகுதான் வேகத்தைக் குறைத்தேன். அந்த ஓட்டமும் ஒரு வகை டிரங்கிதான் என்று இப்போது தோன்றுகிறது.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடியோவில் பேசலாம். 2019-க்கு முன்னால் வருடத்துக்கு இரண்டே தடவைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். வாரா வாரம் பேசக் கிடைத்தது எவ்வளவு நல்லது என்று இரண்டு வருடம் நினைத்த எனக்கு, கடைசி ஆறு வாரத்தில் பழைய விதியே தேவலை என்று ஆகிவிட்டது. அம்மா ஒவ்வொரு வாரமும், “இன்னும் எத்தனை நாள்னு நீயே சொல்லு” என்பாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் எண்ணிக்கையைச் சொல்வேன், அவள் சிரிப்பாள். அன்று பிற்பகல் முழுக்க எந்த வேலையும் ஓடாது. அப்பா திரைக்குள் தலையை மட்டும் நீட்டி, “ஷூ தாங்குதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஷூ தாங்கவில்லை. வலது காலில் அடித்தோல் பிளந்து, மழை நாளில் நடந்தால் தவளை மாதிரி சத்தம் வந்தது. புதிதாக வாங்க மனசில்லை. ஒரு மாதத்துக்கு எதற்கு என்ற கஞ்சத்தனம் ஒரு பக்கம், இதே ஷூவோடு முடிக்க வேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம்.

நான்காவது வார ஓய்வு நாளில், மிஷன் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சேட்பர்ன் என்ற சிறிய ஊருக்குப் போனோம். கிளிதரோவரை ரயில், அங்கிருந்து நடை. எங்கள் சபைக்கு அந்த வட்டாரம் முக்கியமானது. அமெரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக்கைத் தாண்டி முதலில் ஊழியம் தொடங்கியது இங்கேதான். 1837 ஜூலையில் எங்கள் சபையின் அப்போஸ்தலர் ஹீபர் கிம்பலும் இன்னும் ஆறு பேரும் லிவர்பூலில் இறங்கி பிரஸ்டனுக்கு வந்தார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி ரிப்பிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. முதலில் யார் இறங்குவது என்று இரண்டு பேர் ஆற்றை நோக்கி ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். பிரஸ்டனில் அந்த ஆற்றங்கரையில் எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். எங்களை நோக்கி ஓடி வந்தவை நாய்கள் மட்டும்தான்.

1838 வசந்தத்தில் ஊர் திரும்பும் முன் கிம்பல் சேட்பர்னுக்கு விடைபெறப் போனார். தெருவில் நடந்தபோது வீட்டுக்கு வீடு ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று அழுதார்களாம், பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்களாம். பரிசுத்தமான நிலத்தில் நடப்பதுபோல் இருந்தது என்று அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இத்தனைக்கும் அவர் இங்கிலாந்தில் இருந்தது ஒன்பது மாதம்தான். கதையைத் துணைவருக்குச் சொல்லிக்கொண்டே அந்தத் தெருவில் நடந்தேன். மழை தூறியது. ஒரு வாசலில்கூட ஆள் இல்லை. கடைசியில் ஒரு ஜன்னல் திரை விலகியது, பூனை. துணைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் உள்ளே ஒரு சின்ன வலி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் என் மூலம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் நான்கு பேர். அதில் இருவர் இப்போது ஆராதனைக்கு வருவதில்லை. ஐந்தாவதாக ஒருவருக்கு என் கடைசி ஞாயிறுக்குத் தேதி குறித்திருந்தோம். சேட்பர்ன் போய் வந்த மறுநாள், இன்னும் யோசிக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். அவசரப்படுத்தவில்லை. என் விமான தேதிக்கும் அவருடைய விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? இதை எனக்கே சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது.

ஐந்தாவது வாரம் மண்டலக் கூட்டம். கிளம்பப் போகிறவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்வது வழக்கம். நான் பிறந்த புதிதில் இப்படி ஒருவர் எழுந்து நின்று அழுததைப் பார்த்து, இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று வியந்திருக்கிறேன். என் முறை வந்தபோது தயாரித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. ஷூவைப் பற்றிப் பேசினேன். பிறகு, ஜெபத்துக்குப் பதில் கிடைத்த இரண்டு சந்தர்ப்பங்கள், கிடைக்காத ஒன்று. உட்கார்ந்துவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் சபையில் எனக்கு மூத்தவர் ஒருவருக்கு இந்த ஆறு வாரமே கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளிநாடுகளில் இருந்த மிஷனரிகள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவருக்கு நள்ளிரவில் ஃபோன், மறுநாள் விமானம். பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த குடும்பத்திடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. நான் கிளம்பும்போது அவர் சொன்ன ஒரே அறிவுரை, “கடைசியில் சொல்லிட்டு வாடா” என்பதுதான்.

அதனால் ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொன்னேன். அதில் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்பதைத் தாண்டிய மனிதர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பிரஸ்டன் பஸ் நிலையம் 1969-ல் திறந்த காலத்திலேயே அதற்குள் வண்டி ஓட்டியவர். அந்தப் பெரிய கான்கிரீட் கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள், 2013-ல் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் வெற்றிக் கதை மாதிரி சொல்வார். கடவுள் விஷயத்தில் அவருக்கு ஆர்வமே இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: “மதம் வேண்டாம். உட்கார்ந்து பேசிட்டுப் போங்க.” தோட்டத்தில் புல் வெட்டிக் கொடுப்போம், குப்பைத் தொட்டியை வெளியே வைப்போம். பதினைந்து நிமிடம் பேசுவோம். போனதும், “டீ?” என்பார். நாங்கள் டீ, காபி குடிப்பதில்லை என்பதைச் சொல்வோம். “அட, மறந்துட்டேன்” என்று ஆரஞ்சு ஸ்குவாஷ் கலக்கப் போவார். ஐந்து மாதமாக வாரா வாரம் இதே நாடகம். மறதியா, கிண்டலா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

கடைசி வாரம் போனபோது மேஜைமேல் ஸ்குவாஷ் தயாராக இருந்தது. டீ என்று கேட்கவே இல்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது என் பேட்ஜை விரலால் தட்டி, “இது உன் பெயரா?” என்றார்.

“அப்பா பெயர்.”

“அப்போ உன் பெயர் என்ன?”

சொல்லக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை; தொண்டையில் ஏதோ மாட்டியது. சொன்னேன். இரண்டு தடவை தப்பாகச் சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை ஏறக்குறைய சரியாக வந்தது. கையைக் குலுக்கி, “உன் அப்பா நல்ல மனுஷன்னு அவர்கிட்ட சொல்லு. இத்தனை நாள் எனக்குக் குப்பைத் தொட்டியை எடுத்து வெச்சிருக்கார்” என்றார்.

பெட்டி கட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு நாட்குறிப்புப் புத்தகங்களே பாதி எடையை விழுங்கிவிட்டன. குளிர்கோட்டை வீட்டிலேயே அடுத்து வருபவருக்காக மாட்டிவிட்டு வந்தேன்; எனக்கும் அது அப்படித்தான் கிடைத்தது. சட்டைகளில் நல்லவை தர்மக் கடைக்குப் போயின. ஷூ குப்பைக்கு. துணைவர் அதற்கு ஒரு சின்ன இரங்கலுரை வாசித்தார். பாடம் கேட்டவர்களைப் பற்றிய குறிப்புகளை ஆப்பில் விரிவாக எழுதி வைத்தேன். யாருக்கு நாய் இருக்கிறது, யாருக்குக் காது மந்தம், யாரிடம் மகனைப் பற்றிக் கேட்கக் கூடாது. புதிதாக வருபவருக்கு வேத வசனப் பட்டியலைவிட இதுதான் உதவும்.

கடைசி இரண்டு நாள் மிஷன் தலைவரின் பொறுப்பில். சோர்லி பக்கம் நெடுஞ்சாலையில் போகிற எவர் கண்ணிலும் படும் பிரஸ்டன் ஆலயத்துக்குப் போனோம். இரவு விருந்து, பிறகு தனித்தனியாக நேர்காணல். வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். துணைவர் ஒருவரோடு மூன்று வாரம் சரியாகப் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். “அவருக்கு எழுதினாயா?” என்றார். அன்றிரவே எழுதினேன். படிப்பு, வேலை, கல்யாணம் என்று பொதுவான அறிவுரைகளும் வந்தன. அவை எல்லோருக்கும் வருபவைதான்.

மான்செஸ்டர் விமான நிலையத்தில் மற்றவர்கள் வேறு வேறு வாயிலுக்குப் பிரிந்தார்கள். என் திசையில் நான் மட்டும். பாதுகாப்புச் சோதனை முடிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே, “வாட்டர் பாட்டில் எங்கே வெச்சே?” என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டேன். யாரும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தனியாக இருந்தேன். அந்தச் சுதந்திரத்தைப் பற்றி எத்தனையோ ராத்திரி கற்பனை செய்திருக்கிறேன். உண்மையில் என்ன செய்தேன் தெரியுமா? வாயில் திறக்கும்வரை ஒரே நாற்காலியில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தாலும் முறைப்படி விடுவிக்கும்வரை மிஷனரிதான், விதிகளும் அப்படியே. ஸ்டேக் தலைவர், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பானவர், அன்று இரவே வீட்டுக்கு வந்தார். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தோம். இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டார், நான் உளறினேன், அம்மா அழுதாள். பிறகு, “உங்களை விடுவிக்கிறேன். இப்போது பேட்ஜை எடுத்துவிடலாம்” என்றார்.

கை பைவரை போனது, எடுக்கவில்லை. அப்பாதான் எழுந்து வந்தார். மெதுவாக உருவி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஒரு ஹெச் விட்டுட்டாங்களே” என்றார்.

“பாஸ்போர்ட்லயே அப்படித்தான்ப்பா இருக்கு.”

“இருந்தாலும்” என்று சொல்லி, அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.