அம்பு பட்டது, மான் கிடைக்கவில்லை

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் தேடும் வில் வேட்டைக்காரர்களுக்கு செப்டம்பர் நடுவிலேயே சீசன் தொடங்கிவிடும். துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் கடைசியில்தான் காட்டுக்குள் வருவார்கள். நடுவில் உள்ள அக்டோபர்தான் எனக்குப் பிடித்த மாதம். இந்த வருட அக்டோபரைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் முன்னேற்றத்தை மட்டும் பதிந்துவிட்டு இதை விட்டால் குறிப்பு எழுதுவதற்கே அர்த்தமில்லை.

என்னுடையது கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில், நாணை இழுக்க 60 பவுண்டு விசை வேண்டும். கோடை முழுக்கப் பழகியதில் 30 கெஜத்தில் அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அந்தப் பெட்டை மான் நின்றது 25 கெஜத்தில், நல்ல பக்கவாட்டில், கருவாலி (ஓக்) மரக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு. பரணிலிருந்து நுரையீரலுக்குக் குறிவைத்து விட்டேன்.

நாண் சத்தம் கேட்ட மான் குதித்து ஓடுவதற்கு முன் கால்களை மடக்கித் தாழும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், என் அம்பு 80 மீட்டர்தான். சத்தம் மானின் காதில் விழுந்த பிறகும் அம்புக்குக் கால் நொடிக்குச் சற்றுக் குறைந்த பயணம் பாக்கி இருக்கிறது. அதற்குள் மான் இறங்கிவிட்டது. அம்பு மேலே, முதுகை ஒட்டிப் பட்டது.

நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நாலு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்பில் பச்சையாக ஏதாவது ஒட்டி நாற்றமடித்தால் குடல். அதற்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். அவசரப்பட்டால் படுத்திருக்கும் மானை நாமே எழுப்பி விரட்டுவோம். எனக்குக் கிடைத்த அம்பில் இருந்தது நுரையில்லாத பளிச் சிவப்பும், கொஞ்சம் கொழுப்பும், முதுகுப்பக்கத்துக் கருமுனை மயிரும். தசைக்காயம்தான்.

ரத்தத் தடம் முதலில் தாராளமாக இருந்தது, போகப் போகச் சொட்டுச் சொட்டானது. அக்டோபரில் கருவாலி இலைகளிலேயே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தால் ரத்தம் கரையும், இலைப்புள்ளி கரையாது. உறுதியான ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் டாய்லெட் பேப்பர் துண்டு ஒன்றைச் செருகினேன். திரும்பிப் பார்த்தால் மான் போன போக்கு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கடைசித் துண்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை மோப்ப நாய் வைத்திருப்பவரை அழைத்தேன். கட்டையான கால்களும் முரட்டு முடியும் கொண்ட டாஷ்ஹண்ட். இங்கே கயிற்றில் பிடித்தபடி நாயைத் தேடவிடலாம். ரத்தமே இல்லாத இடத்திலும் அது தயங்காமல் போய், பக்கத்து நிலத்தின் வேலியில் நின்றது. அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது. வீட்டுக் கதவைத் தட்டி, "என் அம்பு பட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்டேன். நம் அகப்பாட்டுத் தலைவன் தினைப்புனத்தில் தலைவியிடம் கேட்கும் அதே கேள்வி. அவனுக்கு அது சாக்கு, எனக்கு உண்மையாகவே மான் வேண்டியிருந்தது. பெரியவர் தாராளமாகப் போகச் சொன்னார். உள்ளே மான் படுத்து எழுந்த பள்ளம் ஒன்றும், அதில் காய்ந்த ரத்தமும் இருந்தன. அப்புறம் நாயும் விட்டுவிட்டது. "பிழைக்க வாய்ப்பிருக்கிறது" என்றார் நாய்க்காரர். அதை நம்ப எனக்கு ஆசைதான்.

அடுத்த சில நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே குற்றம், இதை எங்கிருந்து விளக்குவது? நண்பர்களோ "கோயோட்டி தின்னும், வீணாகாது" என்றார்கள் (கோயோட்டி இங்குள்ள சிறிய ஓநாய் போன்ற விலங்கு). வலித்தது மானுக்கு, இறைச்சி வீணாகாதது அதற்கு என்ன பதில்? எனக்கு ஓரளவு உதவியது ஒரு கணக்குதான். மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில், 1989 முதல் 2006 வரை, தேர்ச்சிச் சோதனையில் தேறிய வில்லாளிகளின் அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கிடைக்கவில்லை. அது ஆறுதல் இல்லை. ஆனால் வில்லைத் தூக்கும்போதே இந்த விலையும் சேர்ந்துதான் வருகிறது என்று தெரிந்தது. அதை ஏற்க முடியாதவர் விட்டுவிடலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

நான் விடவில்லை. ஆனால் இந்த சீசனுக்கு என் மான் அனுமதிச் சீட்டு முடிந்ததாக வைத்துக்கொண்டேன். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, மற்றவர்களுக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் 20 கெஜத்துக்கு மேல் விடுவதில்லை. குறியும் மார்பின் கீழ் மூன்றிலொரு பங்கில், மான் தாழ்ந்தாலும் நுரையீரலில் படும்படி. கனமான அம்புக்கு மாறியதில் வில்லின் சத்தம் குறைந்திருக்கிறது. 20 கெஜத்தில் அம்புகள் நெருக்கமாக விழுகின்றன, 30-இல் குறிக்கு நாலு விரல் கீழே இறங்குகின்றன. நாண் அதிர்வை அடக்கும் ரப்பர் இன்னும் வரவில்லை, வந்ததும் மாட்டி ஒப்பிட வேண்டும்.